பூனை வீடு திரும்பவில்லையா? பக்கத்து மாடியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வேளை சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் பொறுக்கலாம். இரண்டு வேளை தவறினால் தேடக் கிளம்புங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் அந்தப் பொறுமையும் கூடாது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தகரக் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்ட பூனை அதிக நேரம் தாங்காது.

எடுத்த எடுப்பில் தெருத் தெருவாக அலையாதீர்கள். அடிபட்ட பூனை, நாய்க்கு மிரண்ட பூனை பெரும்பாலும் தூரம் போகாது, நாலைந்து வீடு தூரத்துக்குள்ளேயே பதுங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சு விடாது. அதனால் "எங்க மாடியில இல்லீங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னாலும், அனுமதி கேட்டு நீங்களே ஏறிப் பாருங்கள். சின்டெக்ஸ் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, படிக்கட்டுக்கு அடியில், மூடாத கிணற்றில், சாக்கடை மூடிக்குக் கீழே பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கடைகளை விட்டுவிடாதீர்கள். ஷட்டர் திறந்திருந்தபோது நுழைந்து உள்ளே மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. கிணற்றில் விழுந்திருந்தால் நீங்கள் இறங்க வேண்டாம், தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

நிறுத்தி வைத்த குட்டி யானை வண்டியின் அடியில் ஏறிப் படுத்து, வண்டியோடு மார்க்கெட் வரை போய்விடும் பூனையும் உண்டு. தெருவில் வழக்கமாக நிற்கும் லோடு வண்டி ஓட்டுநர்களிடம் அன்று எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

சரியான நேரம் இரவு 11-க்கு மேல். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்தால்தான் எதிரிலிருக்கும் கண் மின்னுவது தெரியும். இடுப்பருகே பிடித்தால் தெரியாது. பத்தடி நடந்து, ஒருமுறை மெல்லக் கூப்பிட்டு, இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கருவாட்டை ராத்திரி முழுக்க வாசலில் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தெருக் கடுவனும் நாயும் வந்து உட்கார்ந்துகொள்ளும், உங்கள் பூனை கிட்டவே வராது. அது படுத்த கோணியைப் போட்டால் போதும்.

சினையாக இருந்த பெட்டையா? குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள், அக்கம்பக்கத்துப் பரண்களைப் பாருங்கள். கருத்தடை செய்யாத கடுவன் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காது கிழிந்து வருவதுண்டு.

நோட்டீசில் படம், தெரு, போன் எண் போதும். உருது பேசும் தெருவானால் உருதுவிலும் ஒரு வரி. வால் நுனி வெள்ளை என்பது போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் அச்சிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பூனை தன்னிடம் இருப்பதாகப் போன் செய்து, முதலில் ஜிபேயில் பணம் போடச் சொல்பவரிடம் அதைக் கேட்டால் குட்டு வெளிப்படும். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், காலையில் தெரு பெருக்க வரும் தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டுவிடுங்கள். செத்த விலங்குகளை எடுப்பவர்கள் அவர்கள்தான்.

கிடைத்துவிட்டால் பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர், பிறகு ஒரு ஸ்பூன் வேகவைத்த மீன், அரைமணி கழித்து இன்னொன்று. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்திருந்தால் ஈரல் கெடலாம், கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். பயத்தில் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

கிடைக்காவிட்டால்? முதல் வாரம் தினமும் தேடுங்கள், பிறகு ஒரு மாதம் வாரத்துக்கு ஒருநாள். தேடிய இடத்தையும் தேதியையும் நோட்டில் எழுதிவைத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு "அந்த கோடவுனைப் பார்த்தோமா" என்று விழித்துக்கொள்ளும்போது எடுத்துப் பார்க்கலாம். கிண்ணத்தை எப்போது எடுத்து வைப்பது என்பதை வீட்டில் அதிகம் சோறு வைத்தவர் முடிவு செய்யட்டும். பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்ல வேண்டாம், தினமும் வாசலில் போய் உட்காருவார்கள். "காணோம், தேடுறோம்" என்றே சொல்லி, இரவில் டார்ச்சை அவர்கள் கையில் கொடுங்கள்.