உப்புக்காற்றில் பழைய டிவி கேம்: கன்ட்ரோலரையும் ஒலியையும் சீராக்கும் முறை

வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்தவையும், நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் வாங்கப்பட்டவையுமாக, 60 கால் கேசட் போடும் டிவி கேம்கள் குமரி மாவட்டத்து வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களே அவற்றுள் பெரும்பாலானவை. இறக்கித் தூசு தட்டி இணைத்தால் படம் வந்துவிடும். ஆனால் பொத்தான் ஒன்று வேலை செய்யாது, அல்லது அழுத்தாமலே வேலை செய்யும். ஒலி கரகரக்கும், உறுமும், சில நேரம் வரவே வராது. இந்தக் குறைகளுக்காகச் சிப்பு போய்விட்டது என்று முடிவுகட்டி முழுக் கருவியையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பை, அடுத்து அடாப்டரை, சிப்பைக் கடைசியில் நினைத்தால் போதும்.

ஏறத்தாழ 72 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட இம்மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் உண்டு; ஆகவே கருவி காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. காற்றோடு வந்து பலகையில் படியும் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிறது. அந்தப் படலம் இரண்டு செம்புக் கோடுகளை இணைத்தால், யாரும் தொடாத பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். நாளடைவில் செம்பில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாக நடக்கும். குலசேகரம், திருவட்டார் பக்கம் உப்பு குறைவு என்றாலும் ஓதம் குறைவில்லை.

எலக்ட்ரானிக் பொருளைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையே எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் கைவியர்வைப் பசைக்கும் அது நல்ல மருந்து. ஆனால் உப்பு அதில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆல்கஹாலால் மட்டும் துடைத்த பலகை பளபளப்பாகத் தெரியும், அடுத்த மழைக்கே பழைய கோளாறு திரும்பும். எனவே முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பட்ஸை நனைத்துத் துடைத்து உப்பை எடுக்க வேண்டும். அதன்பின் ஆல்கஹால் தடவி, மிஞ்சிய ஈரத்தை அகற்ற வேண்டும். குழாய் நீரும் கிணற்று நீரும் கூடாது. கரையோரக் கிணறுகளின் நீரிலேயே உப்பு இருக்கும். இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், சிறிய ஸ்டார் ஸ்குரூ டிரைவர், சால்டரிங் அயன் ஆகியவை இருந்தால் கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம்.

கன்ட்ரோலர்

கழற்றும் முன் ஒரு சோதனை தேவை. பொத்தானை அழுத்தியதற்குச் சற்றுப் பிந்தித்தான் திரையில் ஆள் குதிக்கிறான் என்பது உங்கள் குறையானால், பழி கன்ட்ரோலருடையதாக இல்லாமல் எல்இடி டிவியுடையதாக இருக்கலாம். பழைய குழாய் டிவி வரும் சிக்னலை அப்படியே காட்டிவிடும். எல்இடி டிவியோ அதைப் பெரிதாக்கி மெருகேற்றிய பிறகே காட்டுவதால் தாமதம் ஏற்படுகிறது. டிவியின் அமைப்பில் கேம் மோடு இருந்தால் அதை இயக்கி, மெருகூட்டும் வசதிகளை நிறுத்திப் பாருங்கள். நம் பக்கம் கிடைக்கும் நகல்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 படம் காட்டுபவை. அவற்றில் ஒரு படத்தின் நேரம் 20 மில்லிசெகண்டு. அப்படி நாலைந்து படம் தாமதித்தாலே கைக்குத் தெரிந்துவிடும்.

தாமதம் காரணமில்லை என்றால், கோளாறின் தன்மையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அசல் கன்ட்ரோலருக்குள் 4021 என்ற எண்ணுள்ள ஒரே ஒரு ஐ.சி.தான் இருக்கிறது, நகல்களில் அதே வேலையைப் பலகையில் ஒட்டிய கரும்பொட்டுச் சிப்பு செய்கிறது. எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே கணத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் ஒரே கம்பி வழியாக ஒவ்வொன்றாக அனுப்புவது அதன் வேலை. இதற்கு 5 வோல்ட், எர்த், பிடிக்கச் சொல்லும் கம்பி, அடுத்ததை அனுப்பச் சொல்லும் கிளாக் கம்பி, விடை வரும் கம்பி என ஐந்து கம்பிகள் போதும். ஆகவே ஒரு பொத்தான் மட்டும் செத்திருந்தால் குறை அந்தப் பொத்தானுக்கு அடியிலுள்ள ரப்பரின் கரிப்பொட்டிலோ, அழுத்தும்போது அது போய்த் தொடும் பலகையின் தொடுதளத்திலோ இருக்கிறது. எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் கேபிளையோ பிளக்கையோ பாருங்கள். ஏ பொத்தானை அழுத்தினால் எல்லாப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியது போல் நடந்தால், பெரும்பாலும் கிளாக் கம்பி அறுந்திருக்கும்; வரிசை நகராததால் முதல் விடையான ஏ-யையே கருவி எட்டுமுறை படிக்கிறது.

கேபிள் நடுவில் அறுவது அரிது. கன்ட்ரோலருக்குள் நுழையும் வளைவிலோ பிளக்கின் கழுத்திலோதான் அறும். அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டு விளையாடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில், அதாவது கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலையில் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து, அறுந்த பகுதியை இரண்டு அங்குலம் வெட்டியெறிந்துவிட்டு, வண்ணங்களைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் சால்டர் செய்யுங்கள். புதிய கன்ட்ரோலர் வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை: நகல்களில் இருக்கும் 9 கால் பிளக் வடிவில் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற வேறொரு டிவி கேமின் பிளக்கை ஒத்தது, உள்ளிணைப்போ வேறு. பொருந்துகிறதே என்று செருகினால் கருவிக்குச் சேதம் வரலாம். நகல்களுக்குள்ளேயும் இணைப்பு ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பக் கூடாது.

பொத்தான் குறைக்குத் திருகுகளைக் கழற்றி, பின்மூடியைத் தூக்கி, ரப்பர் விரிப்பைத் தனியே எடுங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்: இந்த விரிப்பு நம் தோட்டத்துப் பாலில் செய்ததல்ல, சிலிக்கோன். மிதமான சோப்பு நீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். பெட்ரோலும் தின்னரும் பட்டால் அது உப்பிவிடும். பலகையின் தொடுதளத்தை முன்சொன்னபடி முதலில் நீராலும் பிறகு ஆல்கஹாலாலும் துடைக்கவும். நகல் கன்ட்ரோலர்களில் தொடுதளம் கருப்பாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள். அது அச்சிட்ட கரிப்பூச்சு, உப்புத்தாளால் தேய்த்தால் பலகையே பாழாகும்.

ரப்பரின் அடியிலுள்ள கரிப்பொட்டின் இருபுறமும் மல்டிமீட்டர் முனைகளை மெல்ல வைத்து ஓம் அளந்து, நன்றாக வேலை செய்யும் பொத்தானின் அளவோடு ஒப்பிடுங்கள். சில நூறு ஓமுக்குள் இருந்தால் கவலையில்லை. பல ஆயிரமாக ஏறியிருந்தால் கரி தேய்ந்துவிட்டது என்று பொருள். பென்சில் தேய்ப்பது சில நாளைக்குத்தான் தாங்கும். அலுமினியத் தாள் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பலகையின் கரிப்பூச்சை அரித்துவிடும். இதைவிட நல்ல வழி, பழுதான செட் டாப் பாக்ஸ் ரிமோட் ஒன்றைத் திறப்பது: அதிகம் அழுத்தப்படாத பொத்தான்களின் கரிப்பொட்டுகளைப் பிளேடால் மெல்லிதாகச் சீவி, சிலிக்கோன் பசையால் இங்கே ஒட்டிவிடலாம். பசை கரியின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டின் உயரம் கூடினால் பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்கும். கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தானின் நடுவிலுள்ள முளை தேய்ந்திருந்தால் இடமும் வலமும் ஒருசேர அழுந்தும். அதற்கு வேறு கன்ட்ரோலரின் திசைப் பொத்தானை மாற்றுவதைத் தவிர நல்ல வழியில்லை.

ஒலி

ஒலியே வரவில்லை என்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஆன்டெனா கம்பி வழியாக, அதாவது ஆர்.எஃப். முறையில் இணைத்திருந்தால், ஒலி அலைவரிசையில் படத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் தனி அலையாக வருகிறது. இந்தியாவிலும் ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் போன்ற நாடுகளிலும் அந்தத் தொலைவு 5.5 மெகாஹெர்ட்ஸ், ஹாங்காங் முறையில் 6, சீன முறையில் 6.5. சீனச் சந்தைக்கென்று செய்த கருவியில் படம் தெளிவாக வந்து, ஒலிக்குப் பதில் வெறும் இரைச்சல் வருவது இதனால்தான். டிவியின் மேனுவல் டியூனிங் பகுதியில் சவுண்ட் சிஸ்டம் என்ற தேர்வு இருக்கும். நம் முறையான பி/ஜி என்பதைச் சீன முறையான டி/கே ஆக்கிப் பாருங்கள். ஏ.வி. வெளியீடு இருந்தால் ஆர்.எஃப். வேண்டவே வேண்டாம், வெள்ளைக் காட்சி வரும்போதெல்லாம் ஏறும் இரைச்சலும் அதோடு ஒழியும்.

இரண்டாவது காரணம் பலரும் அறியாதது. ஃபேமிகாமில் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. 45-ஆம் கால் வழியாகக் கேசட்டுக்குள் சென்று, 46-ஆம் கால் வழியாகத் திரும்பி வந்த பிறகே வெளியேறுகிறது. கேசட்டுக்குள் கூடுதல் ஒலிச் சிப்பு வைத்தால் இரண்டு ஒலியையும் அங்கேயே கலந்துகொள்ளலாம் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். சாதாரணக் கேசட்டில் அவ்விரு கால்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அசலைப் பின்பற்றிய பல நகல்களும் இவ்வாறே. ஆதலால் அந்த இரண்டு கால்களில் களிம்பு ஏறினால், ஆட்டம் குறையின்றி ஓடும், ஒலி மட்டும் வராது, அல்லது கேசட்டை அசைக்கும்போது கரகரக்கும். ஒரு வரிசையில் 30 கால்கள். அந்த வரிசையின் நட்டநடுவில் இருப்பவையே இவை. நீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து, கேசட்டை நாலைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் ஒலி மீளும். நம் காலத்துப் பிள்ளைகள் அனைவரும் செய்ததைப் போலக் கேசட்டுக்குள் ஊதாதீர்கள். வாயின் ஈரம் களிம்பை வளர்க்கும்.

ஒலியோடு இடைவிடாத உறுமல் வந்தால் அடாப்டரைப் பாருங்கள். கருவிக்குள் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் 5 வோல்ட்டை உண்டாக்குகிறது; அதற்குள் குறைந்தது 7 வோல்ட்டாவது இடையறாமல் நுழைய வேண்டும். பழைய அடாப்டரின் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை அந்த அளவுக்குக் கீழே இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தையே காது உறுமலாகக் கேட்கிறது. அடாப்டரைப் பிரிக்காதீர்கள், அதில் 230 வோல்ட் இருக்கிறது. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் 9 வோல்ட், 1 ஆம்பியர் ரெகுலேட்டட் அடாப்டர் ஒன்றை மாற்றிவிடுங்கள். செருகும் முன் துருவத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். ஃபேமிகாமுக்கு நடுமுனை நெகட்டிவ். மெகா டிரைவ் முதல் மாடலுக்கும் அப்படியே, இரண்டாம் மாடலுக்கோ நடுமுனை பாசிட்டிவ். நகல்களில் மூடியில் அச்சிட்ட குறியை நம்புங்கள், நினைவை நம்பாதீர்கள். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் கருவியின் அடாப்டர் ஏ.சி. மின்சாரம் தருவது, அதை ஃபேமிகாமில் செருகினால் கருவி போய்விடும்.

அடாப்டரை மாற்றியும் உறுமினால், டிவியிலோ செட் டாப் பாக்ஸிலோ உள்ள கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், அந்த ஒயரின் எர்த்துக்கும் வீட்டின் எர்த்துக்கும் உள்ள வேறுபாடே காரணம். விளையாடும்போது அதைக் கழற்றி வைப்பதே எளிய தீர்வு.

ஒலி வருகிறது, ஆனால் மெலிந்து தகரம்போல் ஒலிக்கிறது என்றால், கீழ்ச்சுருதியைக் கவனித்துக் கேளுங்கள். இந்தக் கருவியில் ஐந்து ஒலி வழிகள்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவு ஒலி. கீழ்ச்சுருதியை முக்கோண அலையே பெரும்பாலும் தாங்குகிறது, அதற்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. அது மட்டும் மங்கியிருந்தால் வெளியீட்டுப் பாதையிலுள்ள சிறு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட் அளவில், பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துப் புதியது போடுங்கள். மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள பெரிய கெப்பாசிட்டரையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. 9 வோல்ட் என்று எழுதிய பழைய அடாப்டர்கள் சுமையில்லாதபோது 12 வோல்ட்டைத் தாண்டுவதால், அங்கே 16 வோல்ட்டை விட 25 வோல்ட் கெப்பாசிட்டரே பாதுகாப்பு. எல்இடி டிவியில் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒலி கேட்டால் அது பழுதல்ல. கருவி தருவது ஒற்றை ஒலி. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஆர்.சி.ஏ. பின் வாங்கி, வெள்ளை, சிவப்பு இரண்டிலும் செருகுங்கள்.

சரிசெய்யவே முடியாதவையும் சில உண்டு. பல நகல் சிப்புகளில் பல்ஸ் அலையின் 25 விழுக்காடு, 50 விழுக்காடு அகலங்கள் தலைகீழாக மாறியிருக்கும். மெட்டு சரியாக இருந்தும் குரல் வேறுபடுவது அதனால்தான். நொடிக்கு 60 படத்துக்கென்று எழுதிய ஆட்டம் 50 படத்தில் ஓடும்போது, சுருதி ஏறக்குறைய மாறாமல் தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளரும். இவற்றைச் சரிசெய்யச் சால்டரிங் அயனைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்த கருவியைச் சுவரை ஒட்டிய அலமாரியிலும் ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரணிலும் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். அடாப்டரைத் தனியாகவும், கேபிளைக் கன்ட்ரோலரில் சுற்றாமல் தளர்வான வளையமாகவும் வையுங்கள். மழைக்காலம் கழிந்து முதன்முறை இயக்கும் முன், கேசட்டின் கால்களையும் கன்ட்ரோலர் பிளக்கையும் துடைத்து, ஒருநாள் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.