பொலொனெஸ் ஆடிப் பழகலாம் வாங்க

போலந்து நடனங்களில் முதலில் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டால், யோசிக்காமல் பொலொனெஸ் என்பேன். குதிக்க வேண்டாம், கிறுகிறுக்கச் சுற்ற வேண்டாம். ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நடக்க வேண்டும். கிராமத்து வழக்கில் இதன் பழைய வடிவத்துக்குப் பெயரே ‘ஹொட்ஸோனி’, அதாவது நடந்து ஆடுவது. இன்றும் பள்ளி இறுதித் தேர்வுக்குச் சுமார் நூறு நாள் முன்பு நடக்கும் ‘ஸ்டுட்னியுஃப்கா’ விருந்தை மாணவர்கள் பொலொனெஸ் ஆடித்தான் தொடங்குகிறார்கள். 2023-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இது சேர்ந்தது.

முதலில் தாளம்

கால்களை அப்புறம் பார்க்கலாம். மேசை முன் உட்கார்ந்து, நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு தட்டு, மொத்தம் ஆறு. இப்போது இரண்டாவது தட்டை மட்டும் இரண்டாக உடையுங்கள்:

தாம் தக – தாம் தாம் – தாம் தாம்

அந்த ‘தக’தான் பொலொனெஸின் முகவரி. வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடனத்துக்கும் மூன்று எண்ணிக்கைதான் என்றாலும் இந்தத் ‘தக’ அதில் இருக்காது. வாய் தானாகச் சொல்லும்வரை தட்டுங்கள்.

நிற்கும் விதம்

பெண் ஆணின் வலப்பக்கம் நிற்க வேண்டும். ஆண் வலக்கையை முன்னால் நீட்ட, பெண் தன் இடக்கையை அதன்மேல் மெல்ல வைக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முதுகு நேராக இருக்கட்டும், பார்வை தரைக்குப் போகக் கூடாது.

அடி

ஒன்று: வெளிப்பக்கக் காலால் நீளமாக ஓர் அடி. ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது.
இரண்டு, மூன்று: சின்னதாக இரண்டு அடி.

மூன்று முடியும் தறுவாயில் ஊன்றிய காலின் முழங்கால் லேசாக மடிய, மற்ற கால் தரையை ஒட்டி முன்னே போகும். அடுத்த ‘ஒன்று’ அந்தக் காலில் விழும். பட்டென்று மடக்கினால் நொண்டுவது போல் இருக்கும். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு படி இறங்குகிறவரைப் பாருங்கள்: உடம்பு தாழும், தண்ணீர் தளும்பாது. அந்தப் பக்குவம் வேண்டும். நடனத்தின் அழகெல்லாம் இந்த ஒரு மடிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

மூன்றடி என்பதால் அடுத்த சுற்று உள்பக்கக் காலில் தொடங்கும். கால் குழம்புவது இங்கேதான். குழம்பினால் நின்று, மறுபடி ‘ஒன்று’ வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள்.

எந்த இசைக்கு ஆடுவது?

போலந்து இசையமைப்பாளர் ஷோபான் எழுதிய பொலொனெஸ்கள் பிரமாதமானவை, ஆனால் அவை உட்கார்ந்து கேட்பதற்கு. பயிற்சிக்கு, ‘பான் ததேவுஷ்’ (1999) படத்துக்காக வோய்சியெக் கிலார் அமைத்த பொலொனெஸை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விருந்துகளிலும் பெரும்பாலும் அதுதான் ஒலிக்கிறது.

நான்கு ஜோடி சேர்ந்துவிட்டால் சுரங்கப்பாதை போட்டுப் பார்க்கலாம். முதல் ஜோடி திரும்பி நின்று கைகளை உயர்த்த, மற்றவர்கள் குனிந்து உள்ளே நுழைந்து, மறுமுனையில் தாங்களும் கைகளை உயர்த்திச் சேர்ந்துகொள்ள வேண்டும். குனியும்போதும் அந்த மூன்றடி நிற்கக் கூடாது.