சமதரைப் பழக்கத்தோடு மலையேறாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் பழகிய எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் வேகத்தடை மட்டுந்தான். குடாநாட்டில் அருவியும் கிடையாது. அதனால்தான் நான்கு நண்பர்கள் கூடினால் மாத்தளைக்கு அப்பாலுள்ள நக்கிள்ஸ் மலைக்காட்டுப் பக்கம் போவோம், செர எல்ல அருவியில் குளிப்போம் என்று பேச்சு எழுகிறது. தாராளமாகப் போகலாம். ஆனால் இங்கிருந்து போகிறவர்களின் பிழைகள் பெரும்பாலும் ஊர்ப் பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுபோவதால் வருகின்றன.

"இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் விடியும்போது அங்கே நிற்கலாம்" என்பது முதற்பிழை. ஏ9 வீதியில் மாத்தளை ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வன்னியில் இரவில் மாடுகள் சூடான தார் வீதியிலேயே படுத்திருக்கும். வவுனியா தாண்டினால் யானையும் குறுக்கிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தூக்கமில்லாத கண்களோடு மாத்தளையை அடைந்து, பயணத்திலேயே கடினமான பகுதியை, அதாவது இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் கொண்டை வளைவுகளை, அப்போதுதான் தொடங்குவீர்கள். விடியற்காலையில் புறப்பட்டு, மாத்தளையில் இரவு தங்கி, மறுநாள் காலையில் ஏறுங்கள்.

ஏறுவதை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். விழுவது இறங்கும்போதுதான். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார்கள், அல்லது பின் பிறேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். நான் இரண்டாவது வகை. ரிவர்ஸ்டனிலிருந்து திரும்பும்போது கருகிய றப்பர் போல ஒரு வாடை வந்தது. முன்னால் போன லொறியினுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதி அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. முன் பிறேக்கும் ஓரத்து மண்மேடும் காப்பாற்றின. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வண்டியை என்ஜினே இழுத்துப் பிடிக்கும். பிறேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தப் பிடிப்பு மிகக் குறைவு என்பதால், இருவர் ஏறிய ஸ்கூட்டரை இந்தப் பாதைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூட்டமாகப் போகும்போது பழக்கம் குறைந்தவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் மற்றவர்களைப் பிடிக்கவே ஓட்டுவார்.

அடுத்தது தண்ணீர். கீரிமலைக் கேணியின் கட்டிலிருந்து குதித்துப் பழகிய கால்கள் அருவித் தடாகத்தைக் கண்டதும் துடிக்கும். கேணிக்கு அடி தெரியும். தடாகத்தில் நேற்றுவரை இல்லாத பாறை இன்று உருண்டு வந்திருக்கலாம். விழும் நீரின் கீழே சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். குதிக்கவே வேண்டாம். விழும் இடத்துக்கு விலகி, இடுப்பளவு நீரில் குளித்தால் போதும்.

தலைக்கு மேலே வெயில் அடிப்பதால் மழை இல்லை என்று நம்புவதும் பிழைதான். மலை உச்சியில் பெய்த மழை சற்று நேரம் கழித்துத்தான் உங்களிடம் வரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் தடித்தாலோ துவாயைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். ஏப்ரல் விடுமுறையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மதியத்துக்குள் குளித்து முடிப்பது நல்லது. டிசம்பர் விடுமுறையில் எங்கள் ஊரை நனைக்கும் அதே வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளையும் நனைக்கும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியிலுள்ள தேத்தண்ணீர்க் கடையில் "மேலே மழையா?" என்று கேட்பது கைத்தொலைபேசியின் வானிலைப் படத்தைவிடப் பயன்படும்.

அட்டை கடித்தால் பிய்த்து எடுக்காதீர்கள். உப்போ சவர்க்காரமோ தடவினால் தானே விழும். பெற்றோலை மாத்தளையிலேயே நிரப்புங்கள். விபத்தென்றால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு, ஆனால் அழைக்கக் கைத்தொலைபேசிக்கு அலை வேண்டும். மலைக்குள் பல இடங்களில் அலை இராது. ஆகவே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்போம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருமுறை நாங்கள் சொல்ல மறந்தோம். இரவு எட்டரைக்கு இரத்தோட்டையில் அலை கிடைத்தபோது, அம்மாவிடமிருந்து 23 தவறிய அழைப்புகள்.