பாடி லிஃப்ட்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

பாடி லிஃப்ட் போட்டால் வண்டி அடியில் கல் தட்டாது என்று நம்பிச் செலவு செய்வதுதான் பெரிய தவறு. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேசர் வைத்துப் பாடியை மட்டும் தூக்குகிறோம். டிஃபரன்ஷியல், ஆக்ஸில், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். கிடைப்பது பெரிய டயருக்கான இடம் மட்டும்தான். அந்தப் பெரிய டயராலும் அடி உயரம் கொஞ்சமே கூடும். எடுத்துக்காட்டாக, 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மி.மீ.; 31 அங்குல டயர் என்றால் 787. விட்டத்தில் 54 மி.மீ. கூடினாலும் ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, 27 மி.மீ. தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தனிச் சேசிஸ் இல்லாத வண்டிக்கு இந்த வேலையே பொருந்தாது.

டயர் எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் கிட் வாங்குபவர்கள் அதிகம். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷனை முழுக்க அமுக்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். மட்கார்டிலோ வீல் ஆர்ச்சிலோ உரசினால் பாடி லிஃப்ட் உதவும். சேசிஸிலோ லீஃப் ஸ்பிரிங்கிலோ உரசினால் எத்தனை அங்குலம் தூக்கினாலும் தீராது. ரிம் ஆஃப்செட்டையும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு), சக்கரம் திரும்பும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ஸ்டியரிங் ஸ்டாப்பரையும்தான் பார்க்க வேண்டும்.

அளவில் ஆசைப்படாதீர்கள். 1 அங்குலம் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். 2, 3 அங்குலம் போனால் போல்ட் நீளமாகி, திருப்பத்திலும் குலுக்கலிலும் அதன் மேல் வளைக்கும் விசை கூடும். கவிழும் அபாயமும் ஏறும். மரக்கட்டை, வெட்டிய பைப் துண்டு இவற்றை ஸ்பேசராக வைக்கவே கூடாது. திடமான பாலியூரித்தேன், நைலான் அல்லது அலுமினியம், கூடவே 10.9 தர (அதிக வலிமையுள்ள) போல்ட் என்பதே நாங்கள் ஏற்கும் சேர்க்கை. பாடியைத் தாங்கும் பழைய ரப்பர் மவுண்ட் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பலரும் மறப்பது, பாடியையும் சேசிஸையும் இணைக்கும் பொருள்களை. ரேடியேட்டர் பாடியோடு மேலே போகும்; ஃபேன் இன்ஜினோடு கீழேயே நிற்கும். ஃபேனைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுடை இறக்கி மாட்டாவிட்டால் இறக்கை அதன் அடிவிளிம்பை வெட்டிவிடும். ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் ஸ்லைடு எவ்வளவு நீளும் என்று அளந்து, போதாவிட்டால் அதற்கென்றே செய்த எக்ஸ்டென்ஷன் போடுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டுப்போடுவது உயிரோடு விளையாடுவது. பிரேக் ஹோஸ், கிளட்ச் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், டீசல் ஊற்றும் குழாய், கியர் லீவர், ஃபோர் வீல் லீவர் ஆகியவற்றில் தளர்வு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரும் அப்படித்தான். அது இழுபட்டு அறுந்தால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் போன்ற உலோகக் கேபிள் வழியே பாய்ந்து அந்தக் கேபிளையே கருக்கிவிடலாம்.

மாட்டும் முறைக்கு வருவோம். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டால் பாடிக்குள் இருக்கும் நட் பிய்ந்து சுழலும். இரு பக்கமும் தளர்த்தி, ஒரு பக்கப் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, பலமான இடத்தில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே தாங்கல் வைக்காமல் கையை நுழைக்காதீர்கள். எல்லாப் போல்ட்டும் ஏறிய பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை.