ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா? புது சீட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் பின்பக்கம் வலிக்கத்தான் செய்யும், அது பழகிவிடும். ஆனால் வலது பக்கம் மட்டும் வலிக்கிறது, இல்லை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோல் உரிகிறது என்றால் அது பழகாது. எனக்கு வலது பக்கம் வலி, ஏற்றத்தில் இடது கால் முதலில் சோர்ந்துவிடும். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்து இரண்டு சீட் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் சீட் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சீட் உயரமாக இருந்தால் கால் கீழே எட்டாது. எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரியும், பெரும்பாலும் நமக்குப் பழக்கமான கால் இருக்கும் பக்கம். சரிந்த பக்கத்தில், நாம் உட்காரும் இடுப்பு எலும்பில் எடை கூடும். எதிர்ப்பக்கத்துக் கால் இன்னும் தூரம் நீள வேண்டியிருப்பதால் பெடல் அடியில் இருக்கும்போது அழுத்தம் கொடுக்க முடியாமல் போகும். அதைத்தான் நாம் ‘அந்தக் கால் வீக்’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

முதல் வேலை: உயரம்

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) இப்போது நிற்கிற இடத்தில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள், பழைய இடம் தெரியாமல் போனால் எல்லாம் குழம்பிவிடும். அப்புறம் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்கார்வது போல இறுக்கமாக மேலே தள்ளி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்கவும். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் சுமார் 70.6 செ.மீ. வரும். கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுற்றும் அச்சின்) நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு இருக்கட்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே, வேதவாக்கு இல்லை.

சரிபார்க்க, ஓட்டும்போது போடுகிற ஷூவோடு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றினால், பெடல் அடியில் வரும்போது முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அடுத்து ஒருவரைப் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு இரண்டு பக்கமும் தராசுத் தட்டு போல ஏறி இறங்குகிறதா? 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை மட்டும் இறக்கி, மறுபடி வீடியோ.

அடுத்து சாய்வும் அகலமும்

சீட்டின் மேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து அதன்மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை வையுங்கள். கிட்டத்தட்ட மட்டமாக இருந்தால் போதும். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே தூக்கியிருந்தால் நடுவிலுள்ள மென்மையான பகுதி நசுங்கும். ரொம்பக் கீழே இருந்தால் முன்னால் வழுக்கி எடை முழுவதும் கைக்குப் போகும்.

அகலத்துக்கு ஒரு அட்டைப் பெட்டித் துண்டு போதும், உள்ளே அலை அலையாக இருக்குமே அந்த அட்டை. அதைக் கெட்டியான முக்காலியில் போட்டு, லேசாக முன்னால் குனிந்து அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுவுக்கு நடு அளந்து, சுமார் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு நெருக்கமான அகலமுள்ள சீட்டாகப் பாருங்கள். மெத்தை மாதிரி ஜெல் கவர் வேண்டாம் என்பது என் கட்சி. எலும்பு அதில் அமுங்கிப்போக, ஜெல் நடுவில் பிதுங்கி நரம்பை அழுத்தும், அரை மணி நேரம் சுகம், அப்புறம் மரத்துப்போகும்.

உடையில் ஒரே விதி: பேடிங் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள். அதன் தையல் தோலில் உராயும். ஓட்டி முடித்ததும் உடனே கழற்றிவிட்டுக் குளியுங்கள், துவைக்காமல் மறுபடி போடாதீர்கள். ஓட்டும்போது 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ரத்தம் ஓட விடுங்கள். தோல் உரிந்திருந்தால் சில நாள் ஓய்வு. கொப்புளத்தைப் பிதுக்க வேண்டாம். சீழ், காய்ச்சல், பெரிய கட்டி, அல்லது இறங்கிய பிறகும் விலகாத மரத்துப்போதல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இப்போது கால்

சீட் சரியான பிறகும் வித்தியாசம் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்காருங்கள், ஒவ்வொரு காலிலும் எத்தனை முறை முடிகிறது? எண்ணிக்கையில் ஒன்றிரண்டு வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) இரண்டு கால்களின் பங்கு 48-52 சதவீதம் என்று காட்டினாலும் கவலை வேண்டாம். அதிலும் இடது பக்கம் மட்டும் அளக்கிற மீட்டர் இடது காலின் சக்தியை இரண்டால் பெருக்கித்தான் மொத்தமாகக் காட்டும், அதை வைத்துக் கால்களை ஒப்பிடவே முடியாது.

நல்ல வித்தியாசம் என்றால் வாரம் இரண்டு மூன்று நாள் ஒற்றைக் கால் பயிற்சி: படியில் ஏறி இறங்குவது, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, ஒரு காலைப் பின்னால் வைத்து உட்கார்ந்து எழுவது. எப்போதும் பலவீனமான காலில் தொடங்குங்கள், அது எத்தனை செய்கிறதோ அத்தனைதான் மற்றக் காலுக்கும். பலமான கால் ‘இன்னும் பத்து’ என்று கெஞ்சும், விடாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

இன்னொன்று, யாரும் கவனிப்பதில்லை: சிக்னலில் எப்போதும் ஒரே காலைத்தான் ஊன்றுகிறோம், மற்றக் காலால்தான் முதல் மிதி மிதித்துக் கிளம்புகிறோம். ஆளில்லாத இடத்தில் அதை மாற்றிப் பழகுங்கள், முதல் நாள் தடுமாறுவீர்கள். ஒரு கால் உண்மையிலேயே நீளம் குறைவு என்று சந்தேகம் வந்தால் ஷூவுக்குள் நீங்களாக எதையும் சொருகாமல் பிசியோவிடம் அளந்து பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று முறையாவது ஓட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். நடுவில் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டைக் கூடுதலாக இறக்கிவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள், பின்பக்கம் இழுத்தால் இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது.