எண்ணாத மூச்சு, அளக்காத சலம்: புதிய தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விடுதியின் அவதானிப்புத் தாள்களை வரிசையாகப் புரட்டினால், சுவாச வீதத்துக்கான கட்டத்தில் 20, 20, 18, 20 என்று போவதை அடிக்கடி காணலாம். முட்டு (மூச்சுத் திணறல்) என்று வந்தவருக்கும் 20, கால் முறிந்து படுத்திருப்பவருக்கும் 20. இது ஒரு ஊரின் குறையல்ல. தாதியர் பணி நடக்கும் எல்லா நாடுகளிலும் பேசப்படும் பழைய குறை. புதிதாக விடுதிக்கு வரும் தாதியரிடம் நாங்கள் காணும் தவறுகளில் அநேகமானவை பாடம் தெரியாததால் வருபவை அல்ல. பார்க்காமல், தொடாமல், எண்ணாமல் தாளை நிரப்புவதால் வருபவை.

மூச்சு

வயது வந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் பிறஷர் விழுவதற்கு முன்பே மூச்சின் வேகம் கூடிவிடும். அந்த முன்னறிவிப்பைத்தான் கைவிட்டுவிடுகிறோம். காய்ச்சலுக்கும் பிறஷருக்கும் கருவி உண்டு. மூச்சுக்குக் கட்டிலருகே ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் கணக்கில் நான்கு பிழைக்கும்.

நாடி பார்த்து முடிந்ததும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். மூச்சை எண்ணப் போவதாகச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அறியாமலே வேகம் மாறிவிடும். போர்வைக்கு மேலால் தெரியாவிட்டால் அவருடைய கையை மேல்வயிற்றின் மீது வைத்து அதன் அசைவை எண்ணலாம். 20ஐத் தாண்டினால் இன்னொரு தடவை எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த சுற்று வரை வைத்திருக்காமல் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 97 வீதம் காட்டுகிறது, பிறகென்ன பயம் என்று நினைப்பது இதோடு ஒட்டிய தவறு. ஒட்சிசன் ஏற்றிக்கொண்டிருப்பவர் 30 தடவை மூச்சு வாங்கிக்கொண்டும் 97 காட்டலாம். விரல் குளிர்ந்திருந்தாலும் நகத்தில் கடும் நிறப் பூச்சு இருந்தாலும் அந்த எண்ணையும் நம்ப முடியாது.

பிறஷர்

கிளினிக் வரிசையில் வெயிலில் நின்றுவிட்டு வந்த ஐயாவை இருத்திய கையோடு பிறஷர் எடுத்தால், வருவது அவருடைய பிறஷர் அல்ல. 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் நிலத்தில் ஊன்றி இருக்க விடுங்கள். சலம் கழிக்க வேண்டுமென்றால் முதலில் போய்வரட்டும். தேத்தண்ணி குடித்தோ சுருட்டுப் புகைத்தோ அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேலால் பட்டியைச் சுற்றுவதும், சட்டையை இறுக்கமாக மேலே சுருட்டிவிடுவதும் இரண்டும் பிழை. பட்டியின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். கை நெஞ்சின் மட்டத்தில் ஒரு மேசையில் தாங்கியிருக்க வேண்டும். கீழே தொங்கினால் அளவு கூடிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டாலும் அப்படியே. காற்றை விநாடிக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் வீதம் இறக்குங்கள். அந்த நேரத்தில் அவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

டெங்கு நோயாளியின் தாள்

ஒக்ரோபரில் வாடைக்காற்று மழை தொடங்கி ஜனவரி வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு கூடும் காலம். தாதியரின் கவனத்தில் உயிர் தங்கியிருக்கும் நோய் இது. அதனால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

முதல் தவறு, காய்ச்சல் விட்டதும் கவனத்தைக் குறைப்பது. காய்ச்சல் தணியும் அந்த நேரத்தில்தான், பொதுவாக நோயின் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கும். அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். இரண்டாவது, பிறஷரின் மேல் அளவை மட்டும் பார்ப்பது. 110/70 ஆக இருந்தவர் 110/90 ஆனால் மேல் அளவு மாறவில்லை என்று கடந்து போகாதீர்கள். மேல், கீழ் அளவுகளின் இடைவெளி 20 ஆகவோ அதற்குக் குறைவாகவோ சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை, அதாவது உடலுக்கு இரத்தவோட்டம் போதாத நிலை. கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து அந்தக் கணமே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது, உள்ளே போன நீரையும் வெளியே வந்த சலத்தையும் அளக்காமல் விடுவது. 'நல்லாக் குடிச்சவர்', 'சலம் போனது' என்று எழுதுவதால் எந்தப் பயனுமில்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 25 மில்லிலீற்றர் சலமாவது போக வேண்டும். அளவுப் பாத்திரம் கட்டிலடியில் இல்லாவிட்டால் இதை எப்படி அறிவது? பார்க்க வரும் சொந்தக்காரர் பாசத்தோடு கொண்டுவரும் இளநீர், கஞ்சி, ஜீவனிக் கரைசல் எல்லாம் கணக்கில் வர வேண்டும். வீட்டுக் கோப்பையில் எத்தனை மில்லிலீற்றர் பிடிக்கும் என்று ஒரு தடவை அளந்து, துணைக்கு நிற்பவரிடம் பேனாவும் தாளும் கொடுத்துவிடுங்கள். குறைவு மட்டுமல்ல, கூடுதலும் ஆபத்து: கசிவுக் கட்டத்தில் அளவுக்கு மிஞ்சிய நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். மணிக்கு 25 போக வேண்டியவருக்கு 80, 100 என்று சலம் போனால் அதையும் அறிவிக்க வேண்டும்.

பீற்றூட், மாதுளைச் சாறு போன்ற சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சத்தி எடுத்தால் அது சாறா இரத்தமா என்று பிரித்தறிய முடியாது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் வீட்டார் கேட்பார்கள்.

பெயரும் மருந்தும்

"நீங்கள்தானே யோகேஸ்வரி அம்மா?" என்று கேட்டால், காது மந்தமான ஆச்சியும் அரை நித்திரையில் இருப்பவரும் 'ஓம்' என்பார்கள். "உங்கட முழுப்பேர் என்னம்மா, வயது எத்தனை?" என்று கேட்டு அவரே சொல்ல வைத்து, கட்டில் தாளிலுள்ள பதிவு இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் இது இன்னும் அவசியம். ஒரே பெயரில் இருவர் ஒரே விடுதியில் இருப்பார்கள். மணமான பெண்ணின் முன்னெழுத்து ஓரிடத்தில் தகப்பனுடையதாகவும் இன்னோரிடத்தில் கணவனுடையதாகவும் இருக்கும். கட்டில் இலக்கத்தை அடையாளமாகக் கொள்ளவே கூடாது. இரவில் கட்டில் மாறியிருக்கலாம்.

இன்சுலினில் குப்பியின் செறிவும் சிரிஞ்சின் கோடுகளும் ஒத்திருக்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ள மருந்தை மில்லிலீற்றருக்கு 40 அலகு என்று கோடிட்ட சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை எடுத்தால், உள்ளே போவது 25 அலகு. கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்காமல் ஊசி போட வேண்டாம். மருந்து கொடுக்கும் முன்பே கொடுத்ததாகக் கையெழுத்திடுவது எத்தனை நெருக்கடியிலும் கூடாது. தொலைபேசியில் வைத்தியர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். பாவித்த ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடாமல் நேரே ஊசிப் பெட்டியில் போடுங்கள். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியபின் கை கழுவத்தான் வேண்டும்: சவர்க்காரத்தோடு 40 முதல் 60 விநாடி.

படுக்கைப் புண்

பாடநூல்கள் தோல் சிவப்பதைக் கவனிக்கச் சொல்கின்றன. நம்மவரின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகும். பிட்டம், இடுப்பு எலும்பு, குதிக்கால், முழங்கை ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, இறுக்கமாக அல்லது கொழகொழப்பாக இருந்தால், அல்லது நிறம் ஊதாவாகக் கருத்திருந்தால், புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் நல்லெண்ணெய் போட்டுத் தேய்ப்பது பலரும் அன்பினால் செய்யும் தவறு. தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய சிறு இரத்தக் குழாய்கள் மேலும் சேதமாகும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தையும் விளிம்பில் அழுத்தி இரத்தவோட்டத்தைக் குறைக்கும்.

2 மணித்தியாலத்துக்கொரு தடவை புரட்டுவதை வழக்கமாக வைத்து, தோலைப் பார்த்துத் தேவையானால் இடைவெளியைக் குறையுங்கள். முழுப் பக்கவாட்டாக இடுப்பெலும்பின் மேல் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சரிவில் வையுங்கள். இழுத்து நகர்த்தாமல் விரிப்போடு இருவராகத் தூக்குங்கள். குதிக்காலுக்கடியில் அல்ல, கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்தால் குதி மெத்தையில் படாமல் நிற்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், துண்டு வெட்ட (விடுதியிலிருந்து விடுவிக்கும் சீட்டு எடுக்க) கூட வந்த மகனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு விடக் கூடாது. இரவில் அந்த அப்புவைப் புரட்டப் போவது யார் என்று கேளுங்கள். மருமகளோ பேரனோ, அவரை வரவழைத்து, உங்கள் முன்னால் ஒரு தடவை புரட்டித் தலையணை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புரட்டும் நேரங்களைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.