"அப்பாதானே கொண்டுபோனவர்" என்று இருந்துவிடாதீர்கள்

திருகோணமலையில் பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையைக் கொண்டுபோய்த் திருப்பி விடாவிட்டால் வீட்டில் முதலில் வருகிற பேச்சு இதுதான், சில நேரம் பொலிஸ் மேசையிலும் இதையே சொல்வார்கள். பிள்ளையின் கட்டுக்காப்பை, அதாவது பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கும் உரிமையை, நீதிமன்றம் அம்மாவிடம் கொடுத்திருக்கிறது, சனி ஞாயிறு வைத்திருந்துவிட்டு விடுகிறேன் என்று கூட்டிப்போன அப்பா திங்கட்கிழமையும் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை (அம்மா கொண்டுபோவதும் நடக்கிறது). பிள்ளை எங்கே என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அது காணாமல் போன பிள்ளைதான்.

அதனால் காத்திருக்காதீர்கள். பெரியமாமா பேசிப் பார்க்கட்டும், திருவிழா முடியட்டும், 24 மணி நேரம் போனால்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போய்விடும். அப்படிக் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கே பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டைப் பதியுங்கள், இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். "குடும்பப் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பினால் 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

அடுத்தது, வெறுங்கையோடு போவது. பிரிந்து வருடக்கணக்காகியும் நீதிமன்றக் கட்டளை எடுக்காத குடும்பங்கள் நிறைய. பிள்ளை அம்மாவோடுதான் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் கையில் தாள் இல்லை, தாள் இல்லாவிட்டால் பொலிஸும் ஓர் அளவுக்கு மேல் போகாது. கிண்ணியா, மூதூர் பக்கம் முஸ்லிம்களின் திருமண விஷயங்களைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்தால் பிள்ளையின் விஷயமும் முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுக்காப்புக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். பிள்ளையை மறைத்து வைத்திருந்தால் மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர உத்தரவிடும்படி கேட்பது) போடவும் வழி உண்டு. காசு இல்லையே என்று பின்வாங்காதீர்கள், சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடும் என்ற பயம் இருந்தால் ஒரு நாளும் பிந்தாதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தை மட்டும் நினைக்கிறோம், பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது. பயணத்தடைக் கட்டளையை நீதிமன்றத்தில் எடுத்து அது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். பிள்ளைக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் அந்த இலக்கத்தையும் கட்டாயம் கொடுங்கள், நம்மவர்கள் அதிகம் விடுவது இதைத்தான். "சும்மா எடுத்து வைப்போம்" என்றால் பாஸ்போர்ட் சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் வைக்காதீர்கள்.

கொண்டுபோயேவிட்டார் என்றாலும் முடிந்துவிடவில்லை. நாடு விட்டு நாடு கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது, அதற்கென 2001இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் நீதி அமைச்சு ஊடாக விண்ணப்பிக்கலாம், பிள்ளை போன நாடும் அந்த உடன்படிக்கையில் இருந்து, இலங்கை சேர்ந்ததை ஏற்றிருக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டி பிள்ளை அங்கே வேரூன்றிவிட்டால் திருப்பி அனுப்ப மறுக்க அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு இடமுண்டு, பேசித் தீர்ப்போம் என்று மாதங்களை விடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை. தமிழ்நாட்டுக்குப் போன பிள்ளைக்கு அங்கேதான் வழக்குப் போடவேண்டும்.

பேஸ்புக்கில் போட்டோ போடும் அவசரம் எனக்கு விளங்குகிறது, ஆனாலும் பொலிஸிடம் கேட்காமல் போடாதீர்கள். கொண்டுபோனவர் அதைப் பார்த்தால் இருக்கிற இடத்தையும் மாற்றிவிடுவார், பிறகு பிள்ளை வளர்ந்த பின்னும் அந்தப் படமும் கீழே அப்பாவைத் திட்டிய வரிகளும் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். வவுனியாவில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு நாலு பேரோடு வான் பிடித்துப் போய்ப் பறித்துக்கொண்டு வருவதும் வேண்டாம். பிள்ளை இரண்டாம் தடவையும் பயந்து போகும், வழக்கில் குற்றவாளி போல நிற்பது நீங்களாக இருக்கும். இடம் தெரிந்தால் பொலிஸிடம் சொல்லுங்கள்.

பிள்ளை போன் எடுத்தால் "எங்கே நிற்கிறாய், சொல்லு" என்று அழாதீர்கள். பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது. சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அழைப்பு வந்த நேரத்தையும் இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

திரும்பி வந்த அன்றே "அப்பா என்ன சொன்னவர், ஆர் வீட்டில நிண்டனீங்கள்" என்று துருவவும் வேண்டாம், அதைக் கேட்க நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது, கட்டளையின் பிரதி ஒன்றைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை விடலாம் என்று எழுதிக் கொடுப்பது.